எட்டாயிரம் வருடத்துப் புது வீடு

கர்னோபொலே, மேல் மகல்லா
அக்டோபர் 21, 2019

நெவேனாவுக்கு,

எங்கள் வீட்டை இடிக்க வைப்பது உன் அறிக்கை. நகராட்சி ஒட்டிவிட்டுப் போன நோட்டீஸில் உன் வரி அப்படியே இருக்கிறது: "அடித்தளம் இல்லை. மண், வைக்கோல், சாணம்." அருங்காட்சியகத்துக்காக எங்கள் சுவரை அளந்தபோது நீ எழுதியது. பூங்காவில் நீங்கள் புதிதாகக் கட்டிய கற்கால மாதிரி வீட்டுக்கு அது பெருமை, எங்கள் வீட்டுக்கு அதே குற்றம்.

என் எண்ணை நீ தடுத்து வைத்திருப்பதால் காகிதத்தில் எழுதுகிறேன்.

போன வருடம் வாசலில் வந்து நின்றாயே. "சும்பூலா, எங்க ஆளுங்க பூசற மண்ணு காயறதுக்கு முன்னாடியே விழுதுடி. உங்கம்மாவுக்குத்தான் பக்குவம் தெரியும், கூட்டிட்டு வா" என்றாய். வந்தோம். ஒரு மாதம் காலால் மண் மிதித்தோம்.

வழி ஒன்று இருக்கிறது. 1987-க்கு முன் கட்டிய வீடு என்று நிரூபித்தால் விட்டுவிடுவார்களாம். எங்கள் இனத்தார் குடியிருக்கும் இந்த மகல்லாவில் பத்திரம் யாரிடம் இருக்கிறது? இரண்டு சாட்சிகள் நோட்டரி முன் கையெழுத்துப் போட வேண்டும். மகல்லாக்காரர் சாட்சி செல்லாது. "நீங்க ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்குவீங்க" என்கிறார் எழுத்தர். நம் பழைய வாத்தியார் ஒப்புக்கொண்டார். இன்னொருவர் நீ. ஆறு வயதில் எங்கள் வீட்டு அடுப்பில் மிளகாய் சுட்டு என்னோடு தின்றவள் நீ.

இடிப்பு நவம்பர் 18. வீட்டில் அசெனும் நானும் மூன்று பிள்ளைகளும் அம்மாவும். அம்மாவின் நுரையீரல் குளிரில் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும்.

சும்பூலா

*

அக்டோபர் 28

அன்புள்ள சும்பூலா,

போனில் பேசினால் பதிவாகிவிடும். அதனால்தான் பூங்காக் காவலாளி மெத்தோதியிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு. உன் ஹதிஜே அம்மாவுக்கு லிண்டன் பூவும் தேனும் கூட வைத்திருக்கிறேன், இருமலுக்குக் கேட்கும்.

நான் சுவரைப் பற்றித்தான் எழுதினேன். அதை இன்னொருவர் இடிப்பதற்கு எடுத்துக்கொள்வார் என்று எப்படித் தெரியும்? மேயரைப் போய்ப் பார்த்தேன். "நெவேனா, உன் வேலை கற்காலத்தோட முடிஞ்சுது. இந்தக் காலத்த எங்கிட்ட விடு" என்று சிரித்தார். என் வேலை ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது, புதுப்பிக்க வேண்டியவர் அவர்தான். பையன் சோபியாவில் படிக்கிறான். என்னைத் தவிர அவனுக்கு யாருமில்லை.

கையெழுத்தைப் பற்றி யோசிக்கிறேன். மாட்டேன் என்று சொல்லவில்லை. அதற்குள் ஒன்று: சனிக்கிழமைகளில் பார்வையாளர்களுக்கு மண் பூசிக் காட்ட ஆள் வேண்டும். உன் பெயரைச் சொல்லியிருக்கிறேன். திறந்த பிறகு நீ கற்கால வீட்டைப் பார்க்கவேயில்லையே, ஒரு நாள் வா.

உன் நெவேனா

*

நவம்பர் 5

நெவேனா,

வந்தேன். டிக்கெட் கேட்டார்கள், வாங்கினேன். நீ அறையில் இல்லை என்றார்கள். உன் மேலங்கி ஆணியில் தொங்கியது.

பள்ளிப் பிள்ளைகளோடு உள்ளே போனேன். அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கும் மாடத்தைக் காட்டி வழிகாட்டிப் பெண் சொன்னாள்: "இது தாய்த் தெய்வத்தோட மாடம். இங்கதான் நெருப்பக் கும்பிட்டாங்க." அது அம்மா சிகரெட்டும் தீப்பெட்டியும் வைக்க, கைப்பழக்கத்தில் குடைந்தது. எங்கள் வீட்டிலும் அதே இடத்தில் இருக்கிறது. அதைச் சொன்னேன். "அக்கா, பிள்ளைங்களக் குழப்பாதீங்க" என்றாள்.

ஒரு சிறுமி கேட்டாள்: "இங்க இருந்தவங்கள யாரு தொரத்துனாங்க?"

"யாரும் தொரத்தலம்மா. அவங்களாவே போயிட்டாங்க."

தறிக்குப் பின்னால் மின்கணப்பு எரிந்துகொண்டிருந்தது. பனியில் மண் வெடிக்காமல் இருப்பதற்காம். யாரும் குடியில்லாத வீடு கதகதப்பாக இருக்கிறது. ஓரத்துப் பாயை விலக்கிப் பார்த்தேன், தரைக்குக் கீழே சிமென்ட். எங்களுக்கு இல்லாத அடித்தளம் அவர்களுக்கு இருக்கிறது. செத்து எட்டாயிரம் வருடம் ஆனவர்களுக்கு.

சனிக்கிழமை பூசிக் காட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை எங்கே படுப்பது?

13-ஆம் தேதி, புதன், காலை பத்து மணி. நோட்டரி வாசலில் வாத்தியாரோடு நிற்பேன். நீ பொய் சொல்ல வேண்டியதில்லை. அந்த வீட்டில் சாப்பிட்டேன் என்று சொன்னால் போதும்.

சும்பூலா

*

நவம்பர் 14

அன்புள்ள சும்பூலா,

நான் வந்தேன், தெருமுனை வரை. நீங்கள் இருவரும் படியில் நிற்பதைப் பார்த்தேன். வாத்தியார் கழுத்தில் உன் சால்வை. எதிரே தேநீர்க் கடையில் மேயரின் ஓட்டுநர் உட்கார்ந்திருந்தார். அவர் என்னைப் பார்த்தாரா தெரியாது. கால் திரும்பிவிட்டது.

நாளை முதல் மார்ச் வரை பூங்கா மூடல். சனிக்கிழமை வேலையும் அப்போதுதான்.

என்னைத் திட்டு. ஆனால் வேறு எந்த உதவி வேண்டுமானாலும் கேள், செய்கிறேன்.

நெவேனா

*

நவம்பர் 19

நெவேனா,

நேற்றுக் காலை ஒன்பது மணிக்கு இடித்தார்கள். இயந்திரம் நான்கு தடவை தள்ள வேண்டியிருந்தது. ஓட்டியவன் இறங்கி வந்து, "கெட்டியாத்தான் பூசியிருக்கீங்க" என்றான். அம்மா வாசலில் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள்.

இப்போது உன் கற்கால வீட்டில் இருக்கிறோம், ஆறு பேரும். மெத்தோதிமேல் பழி போடாதே, தாழ்ப்பாளை உடைத்தது அசென். கணப்பு எரிகிறது. அம்மாவை அதன் பக்கத்தில் படுக்க வைத்திருக்கிறேன். "எட்டாயிரம் வருசம் கழிச்சுக் குடித்தனம் வந்திருக்கு. வீடு கோவிச்சுக்காது" என்றாள். சிரித்தோம். பிறகு அவளுக்கு மூச்சு வாங்கியது, நிற்க வெகுநேரம் ஆயிற்று.

மதியம் நகராட்சி ஆள் வந்தார். நாளைக்குப் போலீஸ் வருமாம். "இது பாரம்பரியச் சொத்து, தெரியுமில்ல?" என்றார். "தெரியும், நான்தான் பூசினேன்" என்றேன்.

எந்த உதவியானாலும் கேள் என்றாயே, கேட்கிறேன். அவர்கள் வருமுன் நீ வா. அம்மாவின் முகத்தைப் பார்த்து, "எந்திரிங்க, வெளிய போங்க" என்று நீ சொல். நீ சொன்னால் தூக்கிக்கொண்டு போகிறோம். கையெழுத்து வேண்டாம், சாட்சி வேண்டாம்.

இதை மெத்தோதி உன் கையிலேயே தருவார்.

சும்பூலா

*

நவம்பர் 20

நெவேனா,

பத்தே கால். வெளியே இரண்டு வண்டிகள். எல்லோரும் இறங்கிவிட்டார்கள். அவர்களில் நீ இல்லை. அம்மாவுக்கு உதடு நீலமாகிவிட்டது. ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னால், முதலில் வெளியே வாருங்கள் என்கிறார்கள்.

நேற்றைய கடிதத்தை நீ வாங்கிப் பையில் வைத்ததைப் பார்த்ததாக மெத்தோதி சொன்னார், இதையும் அவரிடமே கொடுக்கிறேன். உன் அறை இருநூறு அடி தூரம்.

வந்து சொல்.