இரண்டு பேருக்கு ஓர் அறை

பிப்ரவரி 3, செவ்வாய்

பதினான்காம் எண் பேருந்தின் கால அட்டவணையை இன்று மூன்றாவது முறையாகத் திருத்தினேன். பள்ளி விடும் நேரத்து வண்டியை ஏழு நிமிடம் முன்னால் தள்ளினால் ஓட்டுநர் ஒருவருக்குச் சாப்பாட்டு நேரம் போய்விடுகிறது. அவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, "மேடம், எனக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றார். நியாயம்தான். திருத்திக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேசையில் ஒரு படிவம் கிடந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் இவர் வாங்கிய விடுமுறைச் சங்க உறுப்பினர் பத்திரத்தைத் திருப்பி ஒப்படைக்கும் படிவம். வருடாவருடம் எங்கள் பெயரில் நூற்றிருபது பாயிண்ட் விழும். அதைக் கொடுத்துச் சங்கத்தின் பத்தொன்பது விடுதிகளில் எங்கே வேண்டுமானாலும் அறை எடுக்கலாம் என்பது ஏற்பாடு. ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை. எப்போது தேடினாலும் 'காலி இல்லை'. பாயிண்ட் விழும், காலாவதியாகும், மறுபடி விழும்.

சொந்தக்காரர்கள் கூடும் இடத்திலெல்லாம் நான் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைப்பேன். சங்கத்துக்கு ஆள் சேர்க்க ஓசிச் சாப்பாடு போடுகிறார்கள் என்று குடும்பத்தோடு போனோம், இவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து நேரே கையெழுத்துப் போட்டார் என்று. இவரும் சேர்ந்து சிரிப்பார்.

படிவத்தில் 'ஒப்படைப்பதற்கான காரணம்' என்று ஒரு வரி. அதில் தன் குண்டுக் கையெழுத்தில் எழுதியிருக்கிறார்: விவரம் தெரியாமல் வாங்கிவிட்டேன்.

முப்பத்துநான்கு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். விவரம் தெரியாமல் ஒரு திருகைக்கூடத் தொட்டதில்லை. அக்டோபரில் ஓய்வு பெற்றதிலிருந்து ஒவ்வொன்றாக ஒழித்துக்கொண்டிருக்கிறார் — பழைய கருவிப்பெட்டி, சைக்கிள், இப்போது இது. அந்த வரியைப் படித்ததும் எனக்கு என்னவோ செய்தது. ஒரு மனுஷன் தன்னைப் பற்றித் தானே இப்படி எழுதிக் கொடுக்க வேண்டுமா? அனுப்ப மார்ச் 31 கடைசி நாளாம்.

பிப்ரவரி 4, புதன்

சங்கத்தின் விதிப் புத்தகம் அலமாரிக்குப் பின்னாலிருந்து கிடைத்தது. நூற்றுப் பன்னிரண்டு பக்கம். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. பன்னிரண்டு வருடமாகத் திட்டியிருக்கிறேன், ஒரு நாள் படித்ததில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

பேருந்தில் போகும்போதும் வரும்போதும் படிக்கிறேன். சொன்னால் சிரிப்பார்கள், எனக்குச் சுவாரசியமாக இருக்கிறது. இதுவும் ஒரு கால அட்டவணைதான்; போட்டவன் யாரோ என்னைப் போல ஒருத்தன்.

ஏரிக்கரை விடுதியில் பெரிய வீடு, பள்ளி விடுமுறையில் ஒரு வாரத்துக்கு நூற்றுப் பத்து பாயிண்ட். அதே விடுதியில் சின்ன அறை, மழைக்காலத்தில் (அந்தப் பக்கம் பிப்ரவரியிலிருந்தே மழையாம்) வார நாள் என்றால் ஓர் இரவுக்கு எட்டு. போகிற தேதிக்கு முப்பது நாள்கூட இல்லையென்றால் அதுவும் பாதியாகிவிடும். நான்கு! இதைத் தலைகீழாக நின்று படித்தாலும் நான்குதான் வருகிறது. காலை எட்டு மணி வண்டியில் தொங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு, பதினோரு மணி வண்டி காலியாகப் போவது தெரியாது. அந்த மாதிரி.

அப்படியானால் எங்களுக்கு மட்டும் ஏன் எப்போதும் காலி இல்லை? உணவு இடைவேளையில் சங்கத்துக்குப் போன் செய்தேன். ஒரு பெண் தேன் ஒழுகப் பேசினாள். "மேடம், டிமாண்ட் ஜாஸ்தி மேடம். டெய்லி ட்ரை பண்ணிட்டே இருங்க."

சரி. தினமும் பார்த்துவிடுவோம்.

பிப்ரவரி 9, திங்கள்

ஒரு நோட்டில் கட்டம் போட்டிருக்கிறேன். தினமும் காலை ஏழேகாலுக்கு, பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி, ஏரிக்கரை விடுதியில் அடுத்த மூன்று மாதத்துக்கு எத்தனை நாள் காலி என்று எழுத வேண்டும்.

சனி பூஜ்யம். ஞாயிறு பூஜ்யம். இன்று பூஜ்யம்.

பிப்ரவரி 12, வியாழன்

பூஜ்யம். ஆனால் இது நம்பும்படியாக இல்லை. கொட்டும் மழையில், வாரத்தின் நடுவில், ஒரு செவ்வாய்க்கிழமைகூடக் காலி இல்லையா? எந்த வழித்தடத்திலும் எல்லா வண்டியும் எல்லா நேரமும் நிரம்பாது. இருபத்திரண்டு வருட அனுபவத்தில் சொல்கிறேன். எங்கோ ஏதோ தப்பு இருக்கிறது.

தங்கையிடம் போனில் சொன்னேன். "அக்கா, அத்தான்தான் ஏமாந்தாருன்னா நீயுமா? அந்தச் சாப்பாட்டுக் கதையை இன்னொரு தடவை சொல்லேன், இவரு கேக்கணுமாம்" என்றாள். அவள் வீட்டுக்காரர் பக்கத்திலிருந்து சிரிப்பது கேட்டது. வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டேன். என் கதைதான். இன்று ஏனோ வாயில் வரவில்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

கண்டுபிடித்தாயிற்று. நான் இல்லை, பூதக்கண்ணாடி.

பூதக்கண்ணாடி என்பது எங்கள் அலுவலகத்தில் அட்டவணை சரிபார்க்கிறவருக்கு நாங்கள் வைத்த பெயர். அச்சுக்குப் போகுமுன் எல்லாத் தாளும் அவர் கண்ணைத் தாண்ட வேண்டும். என் கணினியை எட்டிப் பார்த்தவர், "அதென்ன மேல ஆறுன்னு போட்டிருக்கு?" என்றார்.

திரையின் மேல்மூலையில், எறும்பு அளவு எழுத்தில், சாம்பல் நிறத்தில்: தங்குவோர் 6.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் சேரும்போது குடும்ப விவரம் கேட்டார்கள். மாமனார், மாமியார், பையன், பெண், நாங்கள் இருவர். எழுதிக் கொடுத்தோம். அன்று முதல் எப்போது தேடினாலும் அது ஆறு பேருக்கே தேடியிருக்கிறது. ஏரிக்கரையில் ஆறு பேர் தங்கும் வீடு மொத்தமே நான்கு. பழம் தின்று கொட்டை போட்ட உறுப்பினர்கள் பதினொரு மாதம் முன்னாலேயே அவற்றை அள்ளிவிடுகிறார்கள்.

மாமனார் போய் ஒன்பது வருடம். மாமியார் போய் ஆறு. பையனும் பெண்ணும் வேலைக்கென்று ஆளுக்கொரு திசையில் போனார்கள். வீடு இரண்டு பேராகச் சுருங்கியது எங்களுக்குத் தெரியும். அந்தத் திரைக்கு யாரும் சொல்லவில்லை.

எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கழித்தல் குறி. அழுத்தினேன். ஐந்து. நான்கு. அதற்குமேல் கை போகவில்லை. பிள்ளைகள் வருவார்கள்தானே? ...வருவார்களா? மூன்று. இரண்டு. கண்ணில் நீர் முட்டிவிட்டது. பூதக்கண்ணாடி பார்க்காதது போலத் தன் நாற்காலிக்குப் போனார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் மாதம் முழுக்கப் பச்சைக் கட்டங்கள். எண்ணினேன். மூன்று மாதத்தில் ஐம்பத்தெட்டு நாள் காலி.

பிப்ரவரி 14, சனி

கெடுத்துவிட்டேன்.

காலையில் காபியோடு உட்கார்ந்து இவரிடம் சொன்னேன். சொன்னதோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் சும்மா இருக்காத நாக்காயிற்றே — "பன்னெண்டு வருஷமா செத்துப்போனவங்களுக்கும் சேத்து ரூம் தேடியிருக்கீங்க!" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. முகம் சுண்டிப்போனது. "ஒரு நம்பரு. அதுகூட என் கண்ணுல படல" என்றார். எழுந்து போய் அந்தப் படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "செவ்வாக்கிழம தபாலாபீஸ் பக்கம் போவேன். போட்டுடறேன்."

நல்ல செய்தி என்று நினைத்துக்கொண்டு போய் அவரை இன்னும் பெரிய முட்டாளாக்கிவிட்டு வந்திருக்கிறேன். ஏண்டி உனக்கு இந்த வாய்?

பிப்ரவரி 16, திங்கள்

பக்கம் அறுபத்தொன்று, விதி ஒன்பது: முன்பதிவு செய்த தங்கல் முடியாத நிலையில் உறுப்பினர் பத்திரத்தை ஒப்படைக்க இயலாது.

மூன்று முறை படித்தேன். பிறகு மார்ச் 9 முதல் 13 வரை, நான்கு இரவு, ஏரி தெரியும் சின்ன அறை — அழுத்திவிட்டேன். பதினாறு பாயிண்ட். முப்பது நாளுக்குள் வருவதால் ரத்து செய்தாலும் பாயிண்ட் திரும்பாது. இவரைக் கேட்காமல் நான் செய்த முதல் காரியம் இது என்று சொன்னால் பொய். ஆனால் பயந்துகொண்டே செய்தது இதுதான்.

மாலையில் புத்தகத்தை அவர் முன்னால் திறந்து வைத்தேன். படித்தார். மறுபடி படித்தார். கோபித்துக்கொள்வார் என்று காத்திருந்தேன்.

"நீ எப்பலேர்ந்து இந்தக் கட்சி?" என்றார்.

"போன வாரத்துலேர்ந்து."

"அப்பாவும் அம்மாவும் இல்லாம, புள்ளைங்க இல்லாம... நாம ரெண்டு பேரும் மட்டும் எங்கயாவது போயிருக்கமா?"

யோசித்தேன். இல்லை. முப்பது வருடத்தில் ஒருமுறைகூட இல்லை. படிவம் சட்டைப்பையிலேயே இருக்கிறது. திரும்பி வந்ததும் போட்டுக்கொள்ளலாம், அதற்கும் நாள் இருக்கிறது என்றார்.

பிப்ரவரி 28, சனி

நான்கு நாள் என்ன பேசுவது? பட்டியல் போட்டுக்கொண்டா போக முடியும்?

மார்ச் 9, திங்கள்

வந்துவிட்டோம். இருக்கிறது! படத்தில் காட்டியது நிஜமாகவே இருக்கிறது. ஒரு கட்டில், இரண்டு நாற்காலி, கெட்டில், சன்னலுக்கு வெளியே ஏரி. குளியலறைக் குழாய் மட்டும் ஒழுகுகிறது. மழையில் விடுதியே காலி. சாப்பாட்டுக் கூடத்தில் பதினேழு மேசை, நாங்கள் ஒரு மேசை. பரிமாறுகிறவர் எங்களைப் பார்த்த சந்தோஷத்தில் ரொட்டியைக் கொண்டுவந்து கொட்டுகிறார்.

லிஃப்டில் ஏறியதும் இவர் காதைத் தீட்டிக்கொண்டார். "மோட்டார் நல்லாருக்கு. கதவுதான் கொஞ்சம் மொனகுது." மூன்று மாடிக்கு ஐந்து தடவை ஏறி இறங்கினோம். நானும் கேட்டுப் பார்த்தேன். முனகத்தான் செய்கிறது.

மார்ச் 10, செவ்வாய்

குடை ஒன்றுதான் எடுத்து வந்திருக்கிறோம். ஏரியைச் சுற்றி நடந்தோம். பேச்சு தானாக வருகிறது, நடுநடுவே நின்றும் போகிறது. நின்றாலும் ஒன்றும் ஆகவில்லை.

மார்ச் 11, புதன்

இதை எழுதலாமா என்று இரண்டு மணி நேரமாக யோசிக்கிறேன்.

மதியம் விளையாட்டாகத்தான் கேட்டேன். "ஏங்க, உண்மையச் சொல்லுங்க. அன்னைக்கு எதுக்குக் கையெழுத்துப் போட்டீங்க? சாப்பாடு அவ்வளவு நல்லாவா இருந்துச்சு?"

"நான் எங்க சாப்ட்டேன்? அப்பாவுக்கு ஊட்டிவிட்டுட்டிருந்தேன்" என்றார்.

எனக்கு அது நினைவிலேயே இல்லை.

"அப்புறம் அந்த மாடல் வீட்டைச் சுத்திக் காட்டினாங்கல்ல. எல்லாரும் கீழ வந்துட்டோம், உன்னக் காணோம். தேடிட்டு மேல வந்தேன். மாடி வராந்தால ஒரு நாற்காலில காலை நீட்டிக் கண்ணை மூடி உக்காந்திருந்தே. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்துல நீ சும்மா உக்காந்து நான் பாத்ததே இல்ல. எழுப்ப மனசு வரல. கீழ எறங்கி வந்தேன், பேனாவ நீட்டினாங்க, போட்டுட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். எழுந்து கெட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார்.

பன்னிரண்டு வருஷம்! எத்தனை வீட்டில், எத்தனை பேர் நடுவில், கையை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருப்பேன்! கையக் கழுவிட்டு வந்து நேரா போட்டாராம். ஐயோ, அந்த மனுஷன் சாப்பிடவே இல்லையே. பக்கத்திலேயே உட்கார்ந்து சிரித்தாரே — ஏன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை?

கேட்டேன். "எல்லாரும் சிரிச்சாங்கல்ல, அத எதுக்குக் கெடுக்கணும்" என்றார். "நாலு தடவை தேடினேன், கெடைக்கல. கெடைக்காததுக்குக் காரணத்தச் சொல்லி என்ன ஆவப்போவுது?"

மன்னிப்புக் கேட்டேன். வார்த்தையாகவே கேட்டேன். விடு என்று சொல்லித் தேநீர்க் கோப்பையை என் பக்கம் தள்ளினார்.

மார்ச் 12, வியாழன்

மழை. எங்கும் போகவில்லை. மதியம் முழுக்க ஒன்றும் செய்யாமல் இருந்தேன். சிரமமாகத்தான் இருக்கிறது, பழக வேண்டும்.

மார்ச் 31, செவ்வாய்

தபால் நிலையம் ஐந்து மணிக்கு மூடியது. இவர் குளியலறைக் குழாய் ஒழுகாமலிருக்க எந்த வாஷர் நல்லது என்று விடுதிக்காரருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். நான் எதையும் ஞாபகப்படுத்தவில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

காலையில் தங்கை வீட்டுக்காரர் போன் செய்தார். அவர்களுக்கும் ஏதோ ஒரு விடுமுறைச் சங்கத்திலிருந்து விருந்துக்கு அழைப்பு வந்திருக்கிறதாம். என்னிடம் கேட்கத்தான் கூப்பிட்டார். நான் போனை இவரிடம் கொடுத்துவிட்டுத் துணி மடிக்கப் போனேன்.

நாற்பது நிமிடம் பேசினார். ஓய்வு பெற்றதிலிருந்து மொத்தமாக அவ்வளவு பேசியிருப்பாரா தெரியவில்லை. "மொதல்ல விதிப் புத்தகத்தக் கேளுங்க சகலை. குடுக்கலன்னா சாப்ட்டுட்டு வந்துடுங்க... வார நாள்ல தேடணும்... இல்ல இல்ல, எல்லாருக்கும் ஒத்து வராது. போகாத ஆளுக்கு அது வெறும் சந்தா." விடுதி லிஃப்டைப் பற்றிப் பத்து நிமிடம். ஜூனில் மலையடிவார விடுதியில் மூன்று இரவு போட்டிருப்பதையும் சொன்னார். எனக்கே அப்போதுதான் தெரியும்.

அந்தப் பக்கம் ஏதோ கிண்டலாகக் கேட்டிருக்க வேண்டும். இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் என்ன சோத்துக்கா வாங்கினேன்? வாங்கும்போதே யோசிச்சுத்தான் வாங்கினேன்" என்றார்.

கொஞ்ச நேரத்தில் போன் என் கைக்கு வந்தது. "அக்கா, அத்தனை வருஷமா நீங்க சொன்னது வேற கதையாச்சே. இவரு சொல்றது நெஜமா?" என்று சிரித்தார் அவர்.

இவர் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெஜந்தான். நான் சொன்னதுதான் தப்பு" என்றேன்.