மைக்குல சொன்ன விண்ணப்பம்

திருமங்கலம்
செவ்வாய்க்கிழமை

அன்பு மக மீனாவுக்கு அம்மா ராமக்காள் எழுதிக்கிறது. கர்த்தர் கிருபையில நானும் உங்க அப்பாவும் உசுரோட இருக்கோம், சுகம்னு எழுதத்தான் கை வரல. மஸ்கட்டுல நீயும் மாப்பிள்ளை ராம்கியும் சுகமா இருக்கணும்னு முழங்கால்லயே கெடக்கேன். நாலாங்கிளாஸ் கையெழுத்து, கோழி கிண்டுனாப்புல இருக்கும், சிரிச்சுக்க. நீ என் நம்பர பிளாக் பண்ணி இன்னியோட நாப்பத்தோரு நாளாச்சு. அப்பாட்ட மட்டும் பேசுற, நான் பக்கத்துல உக்காந்து அவரு மூஞ்சியப் பாத்துக்கிட்டிருக்கேன். என்ன சொன்னான்னு கேட்டா, சாப்பிட்டாளாம்ங்கிறாரு. அதுக்கு மேல ஒரு வார்த்தை வாங்கணும்னா பல்லு புடுங்குற டாக்டருதான் வரணும்.

தப்பு என்னுதுதான். ரெண்டாவது தடவையும் கரு தங்கலம்மா, யார்ட்டயும் சொல்லாதன்னு அழுத. நான் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துல, விண்ணப்பம் இருக்கவங்க சொல்லுங்கன்னு மைக்க நீட்டுனதும் வாங்கி, உன் பேரு, மாப்பிள்ளை பேரு, எத்தனையாவது மாசம்னு அம்புட்டையும் சொல்லிட்டேன். தெருத்தெருவா தக்காளி விக்கிற தொண்டை, கேக்கவா வேணும். சபையே கூடிக் கத்துனாத்தான் பரலோகத்துக்குக் கேக்கும்னு நெனச்சேன் தாயி. சபைக் கூட்டத்த யூடியூப்ல போடுறது தெரியும், உன் மாமியா அதப் பாத்துட்டு உன்னக் கேப்பாங்கன்னு தோணல. நீ ஜெபம் பண்ணலம்மா, தண்டோரா போட்டன்னு சொல்லி போன வச்சவதான்.

பாஸ்டரய்யாட்ட போயி, மக பேச மாட்டேங்கிறா, ஜெபிங்கன்னேன். வர்ற வெள்ளிக்கிழமை மைக்குல சொல்லும்மான்னாரு. ஆள விடுங்கய்யான்னு யாரு செருப்பையோ மாட்டிக்கிட்டு ஓடியாந்துட்டேன். மறுநா மத்தியானம் காய் வண்டிய ஓரங்கட்டிட்டு, யாருமில்லாத சபைக்குள்ள பாய்ல உக்காந்தேன். ஆண்டவரே அவ கோவத்த மாத்தும், மாமியா வாயக் கட்டும்னு ஆரம்பிச்சேன். நாலு நிமிசத்துல சரக்கு தீந்துபோச்சு. அப்புறம் சும்மா இருந்தேன், எனக்கு அது ஜெயிலு. அப்பத்தான் மீனா, நீ அன்னிக்கு போன்ல அழுத சத்தம் எனக்குக் கேட்டுச்சு. அன்னிக்கு அதக் கேக்கவே இல்ல, நீ அழ அழ நான் பப்பாளி திங்காத, மாடி ஏறாதன்னு பேசிக்கிட்டே இருந்தேன். ஆண்டவர்ட்டயும் இம்புட்டு வருசமா இப்படித்தான் இருந்திருக்கேன் போல, பாவம், அவரு எப்ப வாயத் தொறப்பாரு. இப்ப தெனமும் போறேன், எதுவும் கேக்குறதில்ல, அவரு முன்னால பேசாம இருக்கேன். அந்த அரை மணிதான் மூச்சு வருது. வெளிய வந்தா தராசுல வெங்காயத்தப் போட்டுட்டு யாருக்குப் போட்டேன்னு மறந்து நிக்கிறேன். நீ இனிமே பேசவே மாட்டியோன்னு பயமா இருக்குடி. இத யார்ட்டயும் சொல்லல, அப்பாட்ட கூட.

ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இந்தக் காயிதம் எப்ப வந்து சேருமோ, அதனால எல்லா ஞாயித்துக்கிழமையும் ஆராதனை முடிஞ்சு ரெண்டு மணிக்கு போனோட தனியா உக்காந்திருப்பேன். ஒரு தடவை கூப்பிடு. நீ ஒண்ணும் சொல்ல வேணாம், அழணும்னா அழு. நான் முந்தானைய வாயில வச்சுக்கிறேன். நீயா வைக்கிற வரைக்கும் கேட்டுக்கிட்டு இருப்பேன்.

கர்த்தர் உங்க ரெண்டு பேரையும் தம்முடைய செட்டைக்குள்ள மூடிக் காப்பாராக. மாத்திரை சாப்பிடச் சொல்லி ஒரு வரி எழுதி, நானே அடிச்சுட்டேன். ஞாயித்துக்கிழமை, ரெண்டு மணி, மறந்துராத.

உன் வாயாடி அம்மா
ராமக்காள்