சம்பந்தியிடம் உன்னை யாரென்று சொல்வது?

பிப்ரவரி 6

பாப்பாவின் அம்மாவுக்கு,

இங்கு நலம். உன் நலத்தைக் கேட்டால் "ரொம்பத்தான் அக்கறை" என்பாய், அதனால் கேட்கவில்லை. போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, இனிமேல் எதுவானாலும் கடிதம் எழுதிக்கொள்ளுங்கள் என்று பாப்பா சட்டம் போட்டுவிட்டாள். இருபத்தேழு வயதானவளை இன்னும் பாப்பா என்று கூப்பிட்டால் இப்படித்தான், தலைமேல் ஏறி உட்காருவாள்.

விஷயம் இதுதான். வரப்போகும் மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் மார்ச் முதல் ஞாயிறு மதியம் முதன்முறையாக நம் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். அவர்களுக்கு இங்கிலீஷ் தவிர வேறொன்றும் தெரியாது. டிப்போவில் பிரேக், கிளட்ச், கியர் என்று நான் பேசுவதெல்லாம் இங்கிலீஷ்தான் என்று இத்தனை நாள் தைரியமாக இருந்தேன். அது பஸ்ஸோடு பேசத்தான் உதவுமாம். அதனால் ஸ்டேஷனரிக் கடை மாடியில் நடக்கும் சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்துவிட்டேன். டீச்சருக்கு நம் பாப்பாவைவிட வயது குறைவு, அதட்டல் மட்டும் உன் அளவுக்கு.

பாவம், இங்கிலீஷ்காரர்கள். சம்பந்தி என்று ஒரு சொல் அவர்களிடம் இல்லை. "மை டாட்டர்ஸ் ஹஸ்பண்ட்ஸ் மதர்" என்று ஒவ்வொரு ஆளாகக் கோத்துக்கொண்டு போகவேண்டும். ஆளுக்கு ஆள் நடுவில் ஒரு "ஸ்". டயரில் காற்று இறங்குவதுபோல இருக்கிறது. நான் சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மாள் சாப்பிட்டுக் கை கழுவியே போய்விடுவார்கள்.

அங்கே ஆளுக்கொரு மாதிரி, பொருளுக்கொரு மாதிரி வேறு. டிரைவருடைய தொப்பி என்றால் டிரைவர் முன்னால் வருகிறார். நாற்காலியின் கால் என்றால் கால் முன்னால் வந்து, நாற்காலி பின்னால் தொங்குகிறது. "ஏம்மா, காலு நாற்காலிக்குச் சொந்தமில்லையா?" என்று கேட்டேன். "சார், நீங்க முதல்ல உட்காருங்க" என்றது அந்தப் பெண்.

இப்போது உன்னிடம் வருகிறேன். அன்று உன்னை யாரென்று சொல்வது? "மை வைஃப்" என்றால் சின்னதாக இருக்கிறது, நாக்கும் சுளுக்காது. வேறு உள்நோக்கம் எதுவும் இல்லை. உச்சரிப்பு வசதிக்காகத்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா


பிப்ரவரி 11

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் நாக்குக்கு வசதி என்று நான் மனைவியாக முடியாது. என்னைப் "பாப்பாவின் அம்மா" என்று நீங்களே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்களே, அதையே இங்கிலீஷில் சொல்லுங்கள். "மை டாட்டர்ஸ் மதர்." ஒரே ஒரு "ஸ்"தான். காற்று அவ்வளவாக இறங்காது.

நான் ஏன் வெளியே வந்தேன் என்பது உங்களுக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. தையல் மெஷினை ஜன்னல் ஓரத்தில் போட்டுக்கொள்கிறேன், கண்ணுக்கு வெளிச்சம் வேண்டும் என்று கேட்டேன். அங்கே உங்கள் சாய்வு நாற்காலி இருக்கவேண்டும் என்றீர்கள். நான் விடவில்லை. "இது என் வீடு, என் இஷ்டம்" என்றீர்கள். பாப்பா பிறந்து, நடந்து, படித்து, வேலைக்குப் போனதெல்லாம் அந்த வீட்டில்தான். அதில் எனக்கு ஒரு ஜன்னல் இல்லை. மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது கடையும் என்னுடையது, கடைக்கு மேலே உள்ள அறையும் என்னுடையது. அறை சின்னதுதான். ஆனால் மெஷினை எங்கே போடுவது என்று யாரையும் கேட்கவேண்டியதில்லை.

பாப்பாவுக்காக வருகிறேன். சமையலும் செய்கிறேன். நீங்கள் அடுப்புப் பக்கம் போகவேண்டாம், சம்பந்தி உயிரோடு திரும்பட்டும்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா


பிப்ரவரி 19

அன்புள்ள (டீச்சர் எல்லாக் கடிதத்தையும் இப்படித்தான் தொடங்கச் சொல்கிறார், தப்பாக நினைக்காதே) பாப்பாவின் அம்மாவுக்கு,

நீ சொன்னதை வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். "மை டாட்டர்ஸ் மதர்" என்றதும் வகுப்பே திரும்பிப் பார்த்தது. "ஏன் சார், உங்களுக்கு அவங்க யாருமில்லையா?" என்று டீச்சர் தமிழிலேயே கேட்டுவிட்டார். என் பக்கத்தில் உட்காரும் முடிதிருத்துபவர் என் கையைப் பிடித்து, "தைரியமா இருங்கண்ணே" என்றார். இடைவேளையில் அவர் காசில் டீ கிடைத்தது.

அதனால் வேறு ஒன்று தயார் செய்தேன். "பேங்குக்குப் பின்னால் உள்ள தெருவின் முனையில் இருக்கும் தையல் கடையின் மேல் உள்ள அறையில் வசிக்கும் பெண்மணி." முழுக்க இங்கிலீஷில். டீச்சர் கை தட்டினார். முடிதிருத்துபவர், "இது ஆளா, விலாசமா?" என்றார்.

இந்த வார வீட்டுப்பாடம், வீட்டைப் பற்றி எழுதுவது. எது எதன்மேல் இருக்கிறது, எது எதற்குள் இருக்கிறது என்று எழுதவேண்டும். எல்லா வரியும் "என் வீட்டில்" என்று தொடங்கவேண்டுமாம். எனக்குப் பேனா ஓடவில்லை. பேனாவில் மை தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

கோபத்தில் ஒரு வார்த்தை வருவதுதான். டிப்போவில் நான் தினமும் எவ்வளவோ சொல்கிறேன், ஒரு பஸ்கூட வீட்டை விட்டுப் போகவில்லை.

வீடு பழையபடிதான் இருக்கிறது. உன் குரல்தான் இல்லை. சொல்லவேண்டும் என்று தோன்றியது.

பாப்பாவின் அப்பா


பிப்ரவரி 24

பாப்பாவின் அப்பாவுக்கு,

பஸ்ஸையும் என்னையும் ஒன்றாகச் சேர்த்ததற்கு நன்றி.

விலாசம் வேண்டாம். என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், மனைவி என்று மட்டும் சொல்லக்கூடாது. சொன்னால் அங்கேயே, எல்லோர் முன்னாலும் திருத்துவேன். என் கடைக்கு யூனிஃபார்ம் தைக்க வருகிறவர்களில் பாதிப் பேர் இங்கிலீஷ்தான் பேசுகிறார்கள். எனக்கு உங்களைவிட நன்றாகவே வரும்.

பா. அம்மா


மார்ச் 9

பாப்பாவின் அப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நினைத்து நினைத்து எனக்கு இன்னும் ஊசியில் நூல் ஏறவில்லை.

நான் குழம்பைக் கிண்டிக்கொண்டே காதையும் கண்ணையும் கூடத்தில் வைத்திருந்தேன். எப்போது மனைவி என்பீர்கள், எப்போது திருத்தலாம் என்று வாக்கியம்கூடத் தயாராக இருந்தது. சம்பந்தியம்மாள் சுற்றிப் பார்த்துவிட்டு, "யூ ஹாவ் எ லவ்லி ஹவுஸ்" என்றார்கள். நீங்கள் எழுந்து நின்றீர்கள். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, "நாட் மை ஹவுஸ். திஸ் இஸ் மை வைஃப்ஸ் ஹவுஸ்" என்றீர்கள். பாப்பாவுக்குக் குடித்த தண்ணீர் புரையேறிவிட்டது. எனக்குக் கரண்டி குழம்புக்குள்ளேயே விழுந்துவிட்டது.

எதைத் திருத்துவது? வைஃப் என்பதைத் திருத்தினால் ஹவுஸும் சேர்ந்து போய்விடும். வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்நாளில் இது எத்தனை முறை நடந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

அந்த அம்மாள் அதோடு விட்டார்களா? நேராக என்னிடம் வந்து, வீட்டைச் சுற்றிக் காட்டச் சொன்னார்கள். நாலு வருஷமாகக் கால் வைக்காத வீடு! லைட் போடுகிறேன் என்று ஸ்விட்சைத் தட்டினால் மின்விசிறி சுற்றுகிறது. பாத்திர அலமாரி என்று நினைத்துத் திறந்தால் உங்கள் டிப்போச் சட்டைகள் மொத்தமாக என் தலையில் கொட்டுகின்றன. "ஹஸ்பண்ட்ஸ்," என்றேன். அவர்கள் ஒரே ஒரு சட்டையை விரல் நுனியால் தூக்கிப் பார்த்து, தம் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்து, "சேம், சேம்" என்றார்கள். அந்த நிமிஷமே எனக்கு அவர்களைப் பிடித்துப்போய்விட்டது. சம்பந்தி என்ற சொல்லைச் சொல்லிக் கொடுத்தேன், அழகாகச் சொன்னார்கள்.

குழாயில் தண்ணீர் சொட்டுகிறதே, சுவரில் ஈரம் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் என்னிடமே கேட்டார்கள். "ஐ வில் டெல் ஹிம்" என்று சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்கிறேன், குழாயைச் சரி செய்யுங்கள். ஊரில் உள்ள பஸ்ஸையெல்லாம் ரிப்பேர் செய்கிறீர்கள், வீட்டில் ஒரு வாஷர் மாற்ற முடியவில்லை.

ஜன்னல் ஓரம் காலியாக இருந்தது. சாய்வு நாற்காலியைப் பின்வாசலில் பார்த்தேன். விருந்தாளிகளுக்காக ஒதுக்கி வைத்தீர்களா என்று பாப்பாவிடம் கேட்டேன். "இல்லம்மா, நாலு வருஷம் முன்னாடி நீ வீட்டை விட்டுப் போன அந்த வாரமே அங்க கொண்டுபோய்ப் போட்டுட்டாரு. மழையில நனைஞ்சு, வெயில்ல காய்ஞ்சு, அதுல இப்ப பூனைதான் தூங்குது" என்றாள். எனக்கு அழுகை வந்தது. வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு என்ன வெங்காயம்?

நான் திரும்பி வந்துவிடுவேன் என்று கனவு காணவேண்டாம். கடையை விட்டும், மேலே உள்ள அறையை விட்டும் வரமாட்டேன். ஆனால் நீங்கள் சாட்சிகளோடு எழுதிக் கொடுத்ததுபோல அந்த வீட்டையும் எனக்குக் கொடுத்துவிட்டீர்கள். சம்பந்திகள் நாளைக்கே கேட்டாலும் சொல்வார்கள். யோசித்துப் பார்த்தால் எனக்கு இப்போது இரண்டு வீடு, உங்களுக்கு ஒன்றுகூட இல்லை. இந்த வயதில் உங்களை எங்கே போகச் சொல்வது?

அங்கேயே இருந்துகொள்ளுங்கள். ஞாயிறுதோறும் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள்,
வீட்டுக்காரி