நான் தமிழில் சொல்லாத வாக்கியம்

அக்கா,

நேற்று ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது யாரோ கதவைத் திறந்தார்கள். சூடான ரப்பர் வாசனை உள்ளே வந்தது. எனக்குப் பேச்சு தடுமாறிவிட்டது.

வெளிநாட்டு அதிகாரிகளும் நம் ஊர்த் தொழிலாளர்களும் ஒருவரையொருவர் புரிந்துகொள்வது எப்படி என்று சொல்லிக்கொடுப்பதுதான் இப்போது என் பிழைப்பு. அந்த வகுப்புகளில் பல வருடமாக உங்கள் கதையைப் பெயர் சொல்லாமல் சொல்லிவருகிறேன். நம்மவர்கள் மேலதிகாரியிடம் குறை சொல்ல மாட்டார்கள், தலையைக் குனிந்துகொள்வார்கள் என்பதற்கு நீங்கள்தான் என் உதாரணம்.

அது பொய் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

1991. அந்தச் சின்ன ரப்பர் கம்பெனியில் நான் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஜப்பானிலிருந்து வந்த பொறியாளருக்கும் உங்களுக்கும் நடுவில் நின்று, அவருடைய இங்கிலீஷைத் தமிழிலும் உங்கள் தமிழை இங்கிலீஷிலும் சொல்வது என் வேலை. அன்று அவர், ரப்பர் வளையம் வார்க்கும் உங்கள் மெஷின் முன்னால் நின்றார். நீங்களே பேச்சை ஆரம்பித்தீர்கள்.

"தம்பி, மீட்டரு தப்பா காட்டுது. சூடு ஜாஸ்தியா கீது, வளையமெல்லாம் கெட்டியா வருது. அவராண்ட சொல்லு."

பக்கத்தில் மேனேஜர் நின்றிருந்தார். விருந்தாளி காதில் ஒரு புகாரும் விழக்கூடாது என்று காலையில்தான் எச்சரித்திருந்தார். நான் பொறியாளரிடம், "எல்லாம் சரியாக இருக்கிறதாம்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே உங்களுக்குத் தலை வணங்கினார். நீங்களும் சிரித்தீர்கள்.

அடுத்த வாரம், வளையம் கெட்டியாக இருக்கிறதென்று சரக்கு மொத்தமும் திரும்பி வந்தது. அதே இடத்தில் பொறியாளர் பக்கத்தில் நின்று, "கவனிக்கலையான்னு கேக்கறார்க்கா" என்றேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு மேனேஜரைப் பார்த்தீர்கள். தலையைக் குனிந்துகொண்டீர்கள். மறுநாளே உங்களைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள்.

ஒரு மாதம் கழித்து, பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டீர்கள்.

"அன்னிக்கு நான் சொன்னத அவராண்ட சொன்னியா தம்பி?"

"சொன்னேன்க்கா."

"அப்ப நம்ம பேச்சு அவுங்க காதுல ஏறாது போல" என்றீர்கள். கோபம்கூட இல்லை. உண்மையைச் சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. பஸ் வர இன்னும் கால் மணி நேரம் ஆயிற்று.

நேற்றும் உங்கள் கதையைச் சொல்லி வகுப்பை முடித்ததும், அங்கே வேலை செய்யும் ஒரு பெண் என்னிடம் வந்தாள். "எங்கம்மாவும் அப்டித்தான் சார். ரப்பர் கம்பெனில பேக்கிங்ல இருந்துச்சு. பெரிய ஆளுங்களாண்ட எதையும் சொல்லாத, சொன்னாலும் காதுல வாங்க மாட்டாங்கன்னு சொல்லித்தான் என்னை வேலைக்கே அனுப்புச்சு. போன வருசம் தவறிடுச்சு."

அம்மா பெயரைக் கேட்டேன். உங்கள் பெயரைச் சொன்னாள்.

அவளை உட்காரவைத்து, நான் செய்ததை முழுவதும் சொன்னேன். "இத எங்கம்மா உயிரோட இருக்கறப்ப சொல்லியிருக்கலாமே சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டாள்.

அவளிடமும் சொல்லாதது ஒன்று என்னிடம் மிச்சமிருக்கிறது, அக்கா. ஊருக்குக் கிளம்பிய அன்று அந்தப் பொறியாளர் என்னைத் தனியே கூப்பிட்டு ஒன்று சொன்னார். இத்தனை வருடமும் நான் அதை யாருக்கும் தமிழில் சொன்னதில்லை. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்: "அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மெஷினை அன்றைக்கே நிறுத்தியிருப்பேனே."