அப்பாவுக்கு ஹெட்போன், நமக்கு ஸ்பீக்கர்

அண்ணி,

இன்று காலை டிவிக்குப் புது சவுண்ட்பார் பொருத்திக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரருக்கு இப்போது காது மந்தம். அவருக்கு ஹெட்போனிலும் எனக்கு சவுண்ட்பாரிலும் ஒரே நேரத்தில் சத்தம் வர வேண்டும். ரிமோட்டில் எதையெதையோ அழுத்தி ஒருவழியாக இரண்டும் பேசியதும், உங்களைக் கூப்பிட்டுச் சொல்லத்தான் முதலில் தோன்றியது. நீங்கள் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

தொண்ணூறுகளின் நடுவில், கணபதியில் இருந்த நம் வீட்டுக்கு நீங்கள் மருமகளாக வந்தபோதே அப்பாவுக்குக் காது பெரும்பாலும் போயிருந்தது. சூலூரில் சொந்தத் தறிகளின் இரைச்சலில் வாழ்ந்தவர். டிவியை அலறவிடுவார். பக்கத்து வீட்டுப் பெண், கைக்குழந்தை தூங்கவில்லையென்று தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டுப் போன நாளிலிருந்து ஹாலுக்கு வருவதையே விட்டுவிட்டார். பின்னறைக் கட்டிலில் சும்மா உட்கார்ந்திருப்பார்.

அண்ணன் ஹெட்போன் வாங்கி வந்தான். அதைச் செருகியதும் அப்பாவுக்குக் கேட்டது, எங்களுக்கு நின்றுபோனது. நாங்கள் வாயசைவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைக் கவனித்தவர், அதைக் கழற்றி உங்களிடம் நீட்டினார்.

"எனக்காவ நீங்கெல்லாம் ஊமைப்படம் பாக்கோணுமா அம்மணி? வேண்டாம்."

"அவரு தனியாப் பாக்கட்டும், நாம அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள் அம்மா.

"தனியாப் பாக்கறதுக்குங்களா அத்தை வாங்குனது?" என்றீர்கள். வந்து ஒரு வருசம்கூட ஆகாத மருமகள். குரல் உயரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிவியைத் திருப்பிவைத்து அதன் முதுகை ஆராய்ந்தீர்கள். அங்கே, டிவி சத்தத்தை வேறு கருவிக்கு அனுப்புகிற துளைகள் இருந்தன. "ஹெட்போன் சொருகுனா டிவியோட ஸ்பீக்கர்தானுங்க நிக்குது. இந்த வழி நிக்காதுன்னு நெனைக்கறேன்" என்று, உங்கள் கல்யாணச் சீராக வந்த ஸ்டீரியோ செட்டைத் தூக்கி வந்தீர்கள்.

"செட்டு பொகைஞ்சுபோடும்" என்றான் அண்ணன்.

"பொகைஞ்சா எங்கப்பன் ஊட்டுச் செட்டுதானுங்க."

ஒயரை மாட்டியதும் வெறும் இரைச்சல்தான் வந்தது. உங்கள் முகம் வாடியது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. செட்டு ரேடியோவில் நிற்பதைக் கண்டு குமிழைத் திருப்பினீர்கள். அவ்வளவுதான், டிவியில் பேசியவர்களின் குரல் இரண்டு ஸ்பீக்கர்களிலும் தெளிவாக வந்தது. பின்னறைக்குப் போய் "ஏனுங் மாமா, வாங்க" என்று அப்பாவை அழைத்து வந்து, ஹெட்போனை மாட்டி, ரிமோட்டைக் கையில் கொடுத்தீர்கள். அவர் எவ்வளவு கூட்டினாலும் எங்கள் சத்தம் அப்படியே இருந்தது.

ஏதோ நகைச்சுவைக் காட்சி. அதுவரை எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்னால் சிரிப்பவர், அன்று எங்களோடு சேர்ந்தே சிரித்தார். சிரித்தபடி திரும்பி ஒவ்வொருவரையும் பார்த்தார். அம்மா எழுந்து போய், பின்னறைக்குக் கொண்டுபோகிற காப்பியை ஹாலுக்குக் கொண்டுவந்தாள்.

எங்கள் யாருக்கும் தோன்றாதது வெளியிலிருந்து வந்த உங்களுக்குத் தோன்றியது. விசேஷ வீடுகளிலும் யார் ஒதுங்கி நிற்கிறார்கள் என்றுதான் உங்கள் கண் முதலில் பார்க்கும். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. சமீபத்தில் மதுக்கரையில் ஒரு கல்யாணத்தில், எல்லோரும் சிரிக்க ஒரு பெரியம்மா மட்டும் விழித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, என்ன பேச்சு என்று காதருகே சொன்னேன். சிரித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ யாரூட்டுப் புள்ள கண்ணு?"

அப்பா பெயரைத்தான் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் பெயரைச் சொல்லி, "அவங்க நாத்தனாருங்க" என்றேன்.