மாமி ஊட்டிய சோறு

மாம்புரி

அன்பு மகள் ஸுஹைராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சொல்வது மாமா நான், எழுதுவது அடுத்த வீட்டு ஸம்ஹா. போனில் பேசினால் றிஸ்மினுக்குக் கேட்டுவிடும். அதனால்தான் குவைத்துக்கு வரும் முபாரிஸிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மண்ணெண்ணெய்க்கு வள்ளக்காரர் எல்லாம் கேனோடு வரிசையில் நின்றோமே, கொழும்பில் சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்ததே, அந்த வருசம்தான் உன் புருஷன் றிஸ்மினுக்குத் தலையில் அடிபட்டது. எண்ணெய் இல்லாமல் துடுப்பு வலித்து வந்த வள்ளத்தைக் கரையேற்றும்போது கட்டை தெறித்து, குனிந்து தள்ளியவனின் இடப்பக்கத் தலையில் அடித்தது. மண்ணில் கிடந்தபடி, "வாப்பா, என்ட கை எங்க?" என்று கேட்டான். வலக்கை பக்கத்தில்தான் கிடந்தது.

போன வெள்ளிக்கிழமை நீ அவனிடம் கேட்டது என் காதில் விழுந்தது. கை சரியாகிவிட்டதுதானே, இன்னும் இரண்டு வருசம் நின்றுவிட்டு வரவா என்றாய். அவன் ஓம் என்றான். மகள், கை சரியாகவில்லை. போனில் முற்றத்தில் நடந்து காட்டுவான். கையைச் சாரத்துக்குள் சொருகி வைத்திருப்பான்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் பிள்ளை அன்றைக்கே சொன்னது எனக்கு மறக்கவில்லை. மூளையில் கையை ஆட்டும் இடம் செத்துவிட்டதாம். பக்கத்து இடம் அந்த வேலையைப் பழகுமாம், ஆனால் கையை வேலை வாங்கினால்தானாம். இல்லாவிட்டால் வேறு வேலை வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளுமாம். களப்பு கடலோடு சேரும் வாய் மண்ணால் மூடினாலும், தண்ணீர் தள்ளத் தள்ள இன்னொரு வழி வெட்டும். அப்படித்தான் நான் விளங்கிக்கொண்டேன். வலக்கை வேலை செய்யட்டும் என்று, நல்ல இடக்கையைப் பகலில் பைக்குள் கட்டச் சொன்னாள்.

நீ போன பிறகும் கட்டினோம். ஆனால் நம் வீட்டில் இடக்கை சோற்றுக்குப் போகுமா? கட்டாவிட்டாலும் அது தட்டுப் பக்கம் வராது. வலக்கைக்கு ஏலாது. உன் மாமி சும்மா இருப்பாளா? உருட்டி உருட்டி ஊட்டினாள். நான் ஏதும் சொன்னால், "என்ட புள்ள பசில கிடக்கவா? நீங்களும் ஒரு வாப்பாவா?" என்று பாய்வாள். இடக்கையால் சாப்பிடுகிறாரா என்று அந்தப் பிள்ளை கேட்டபோது, "அல்லாஹ்வே, தொடவும் மாட்டான்" என்றாள். பொய்யும் இல்லை. வலக்கையால் சாப்பிடுகிறான் என்று நினைத்து அந்தப் பிள்ளை சந்தோசப்பட்டுப் போனாள்.

கையோடு சேர்ந்து விழுந்துபோன கால் மட்டும் எப்படித் திரும்பியது? ஜும்ஆவுக்கு அவனைத் தூக்கிப்போக எவராலும் ஏலவில்லை. விழுந்து விழுந்து நடந்தான். கைக்கு உம்மா இருந்தாள்.

அவள் மௌத்தாகி அடக்கிய பிறகு நான் ஊட்டுகிறேன். என் கை நடுங்கி, சோறு அவன் நெஞ்சில் கொட்டுகிறது. போன கிழமை ஊட்டாமல் தட்டை வைத்துவிட்டு எதிரே இருந்தேன். என்னையே பார்த்திருந்துவிட்டு வலக்கையைத் தூக்கிச் சோற்றில் போட்டான். பெருவிரல் அசைந்தது, மகள். கண்ணால் கண்டேன். கொஞ்சச் சோறு விளிம்பு வரை வந்து பாயில் விழுந்தது. உம்மா என்று அழுதான். பிறகு வாயைத் திறந்தான். நான் ஊட்டிவிட்டேன்.

அந்தப் பிள்ளையிடம் போய்ச் சொன்னேன். பிந்திவிட்டது, ஆனாலும் வழி முற்றாக மூடவில்லை என்றாள். அவன் பசித்திருந்தாலும் ஊட்டாமல், பக்கத்தை விட்டு எழும்பாமல் இருக்க ஓர் ஆள் வேண்டுமாம். எனக்கு அந்த நெஞ்சு இல்லை. மூச்சும் முன்னைப் போல் இல்லை.

உன் உழைப்பில்தான் இங்கே அடுப்பு எரிகிறது. வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அல்லாஹ் உன்னை நோயில்லாமல் வைத்திருக்கட்டும்.

துஆவுடன்,
மாமா மஸாஹிர்

ஸம்ஹா கடிதத்தை மடிக்கப் போனாள், நான்தான் நிறுத்தினேன். இதையும் எழுதச் சொன்னேன். றிஸ்மினின் தம்பி அம்ஜத்தைக் கடல் எடுத்தது. இப்போது உம்மாவும் இல்லை. என்னைக் கணக்கில் வைக்காதே. அவனுக்கென்று உயிரோடு இருப்பது நீ ஒருத்திதான், ஸுஹைரா.