பத்துச் சதுரக் களைகளும் லட்சுமம்மாவின் மெமோவும்

அனுப்புநர்:
நா. சுப்ரியா,
இளம் அறிவியல் (தாவரவியல்) இரண்டாம் ஆண்டு,
கோடைக்காலப் பயிற்சி மாணவி,
மல்லேஸ்வரம், பெங்களூர்.

பெறுநர்:
பேராசிரியர் சீனிவாசராகவன் அவர்கள்,
பொறுப்பு இயக்குநர்,
பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்கா, பெங்களூர்.

பொருள்: களை எடுத்த குற்றத்திற்காகத் தோட்டப் பணியாளர் திருமதி லட்சுமம்மாவுக்கு அளிக்கப்பட்ட மெமோவை 1.6.1998க்கு முன் திரும்பப் பெறக் கோருதல் தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலக மெமோ, நாள் 13.5.1998.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மனுவைத் தமிழில் எழுதுவதற்குப் பொறுத்தருள வேண்டும். மேற்படி மெமோ ஆங்கிலத்தில் வந்தது, கன்னடத்தில் விளக்கப்பட்டது. பெற்றுக்கொண்டவரோ வீட்டில் தமிழ் பேசுபவர். தம்மைப் பற்றி இன்னொரு காகிதம் போவதானால் அதையாவது போகுமுன் காதால் கேட்டுவிட வேண்டும் என்றார். தாங்கள் தமிழ் அறிந்தவர் என்பது, தாங்கள் தொலைபேசியில் பேசும் நேரங்களில் வராந்தா முழுவதும் அறிந்த செய்தி.

2. ஏப்ரல் 20 முதல் ஆறு வாரப் பயிற்சிக்காக நாங்கள் மூவர் வந்தோம். வெங்கிக்கு ஆர்க்கிட் கூடம் கிடைத்தது. வீணாவுக்குப் பனை வகைகள். எனக்குக் களைகள். பெரணிக் கூடத்தின் பின்னால் உள்ள தரிசில் முளைகள் அடித்து, கயிறு கட்டி, ஒரு மீட்டர் அளவில் பத்துச் சதுரங்கள் அமைத்தேன். ஒவ்வொரு சதுரத்திலும் என்ன களை, எத்தனை என்று வாரந்தோறும் எண்ண வேண்டும். மூன்று வாரங்களில் நாற்பத்து மூன்று வகைகளைக் கண்டேன். இத்தனை வகைகள் ஓரிடத்தில் தழைத்திருப்பது இந்தப் பூங்காவின் நீண்டகாலப் பராமரிப்பு முறையால்தான் இயன்றது. அதற்கு என் நன்றி.

3. திருமதி லட்சுமம்மா ஒக்கலிபுரத்திலிருந்து வருபவர். பதினான்கு ஆண்டுகளாக இங்கே தினக்கூலி. வெயிலில் சாக்கு விரித்து, குடை பிடித்து, கயிற்றுக்குள் குனிந்து கிடக்கும் என்னை மூன்று வாரம் பார்த்திருக்கிறார். பூங்காவில் கயிறு கட்டிய இடம் என்றால் ஒரே பொருள்தான்: ஆளுக்கு இத்தனை பங்கு, முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். என் பங்கு பத்துச் சதுரம் என்றும், மூன்று வாரமாகியும் ஒன்றைக்கூட நான் முடிக்கவில்லை என்றும் அவர் கணித்தார்.

4. மே 9, இரண்டாம் சனிக்கிழமை, விடுமுறை. அன்று அவர் தாமாக வந்து பத்துச் சதுரங்களிலும் களை எடுத்தார். கயிற்றுக்கு வெளியே ஒரு புல்லைக்கூடத் தொடவில்லை. அது என் பங்கு அல்லவே. திங்கட்கிழமை காலை நான் பார்த்தபோது, பச்சைச் சுவரில் பத்து ஜன்னல்கள் திறந்து வைத்தது போலிருந்தது.

5. அப்போது நடந்த உரையாடலை, மெமோவில் கண்ட "கெட்ட எண்ணம்" என்ற சொல்லோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பொருட்டு, உள்ளபடி தருகிறேன்:

"வந்துட்டியாம்மா? போ, போயி மரத்தடியில குந்து. உன் வேலை எல்லாம் ஆய்த்து."

"என்ன ஆய்த்துக்கா?"

"பத்து கட்டமும் நானே எடுத்துட்டேன். நீயும் ஒவ்வொரு செடியா எண்ணிக்கினே கீறே, ஒண்ணயாச்சும் புடுங்குனியா? படிக்கிற புள்ளைக்குக் கை வளையாது, அது தப்பில்ல. ஆனா அந்த ஆர்க்கிட் பையனுக்கு நெழல்ல வேலை, உனக்கு வெயில்ல களையா? கேக்க ஆளு இல்லியா உனக்கு?"

நான் நன்றி சொன்னேன்.

6. கணக்கெடுப்பை மறுபடி தொடங்க இரண்டு வாரம் கூடுதல் அவகாசம் கேட்டு அலுவலகத்துக்குப் போனேன். அதற்கான படிவத்தில் தாமதத்துக்கு மூன்று காரணங்கள் அச்சிடப்பட்டுள்ளன: மாணவர் தவறு, பணியாளர் தவறு, இயற்கைச் சீற்றம். நடந்தது மூன்றிலும் சேராது என்று அலுவலகக் கண்காணிப்பாளர் திரு. சுந்தரேசன் அவர்களிடம் தெரிவித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, இரண்டாவதில் குறியிட்டார். அந்தக் குறி இரண்டு நாளில் மெமோவாக வளர்ந்தது. எந்தக் களையும் அத்தனை வேகமாக வளர்ந்து நான் பார்க்கவில்லை. "ஈடுசெய்ய இயலாத ஆராய்ச்சிச் சொத்தை அழித்தது" என்பது அதில் கண்ட குற்றம்.

7. லட்சுமம்மா அதை மடித்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "களையை எடுக்கலன்னாதானே மெமோ குடுப்பாங்க? எடுத்தா கூடவா?" என்றார். மெமோவை வாங்கிப் படித்துவிட்டு, இதனால் என்ன ஆகும் என்று அவரிடம் கேட்டேன். பணி நிரந்தரத்துக்கான பட்டியலில் உள்ள ஏழு பேரில் அவர் ஒருவர் என்பதும், நேர்காணல் ஜூன் 1 என்பதும், மெமோ நிலுவையில் உள்ளவர் பெயர் அதற்கு முன் நீக்கப்படும் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பதினான்கு ஆண்டில் பட்டியலில் அவர் பெயர் வருவது இதுவே முதல் முறை.

8. உடனே கண்காணிப்பாளரிடம் சென்று என் புகாரை வாபஸ் வாங்குவதாகச் சொன்னேன். நான் புகாரே கொடுக்கவில்லை என்பதால் அதில் சிரமம் இருக்காது என்று எண்ணினேன். "அப்போ களை போனதா நீ சொன்னது பொய்னு ஆயிடும்மா. சர்டிஃபிகேட் கேன்சல் ஆகும். யாராவது ஒருத்தர் தப்புப் பண்ணியிருக்கணும், இல்லேன்னா ஃபைல் எப்படி நிக்கும், சொல்லு?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஃபைலின் மீதுள்ள உண்மையான அக்கறையோடுதான் சொன்னார்.

9. ஆகவே பின்வருவனவற்றைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். தோட்டப் பணியாளர் கடமைகள் என்று ஷெட் சுவரில் ஒட்டியுள்ள தாளில் மூன்றாவது கடமை, களை எடுத்தல். லட்சுமம்மா தம் கடமையை விடுமுறை நாளில் செய்தார் என்பதற்கு மேல் அவர் மீது எதுவும் நிரூபணமாகவில்லை. இது தண்டனைக்குரியது என்ற முடிவை மற்றப் பணியாளர்கள் ஏற்கெனவே மனப்பூர்வமாக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். மெமோ வந்த நாள் முதல் யாரும் எங்கும் களை எடுப்பதில்லை. ரோஜாப் பாத்தியில் நிற்கும் பார்த்தீனியத்தைக் காட்டி, "இது யாரோட ஆராய்ச்சிம்மா?" என்று திரு. முனிகிருஷ்ணன் நேற்று என்னிடம் விசாரித்தார். அவர் முப்பது வருட சர்வீஸ். எனக்குத் தெரியாது என்றேன். எதற்கும் இருக்கட்டும் என்று அதற்குத் தண்ணீர் ஊற்றினார்.

10. அடுத்து, "ஈடுசெய்ய இயலாத" என்பது பற்றி. மே 14, 16, 17 ஆகிய நாட்களில் நல்ல மழை. இன்று காலை எண்ணியபடி, அழிந்த நாற்பத்து மூன்று வகைகளில் இருபத்தொன்பது திரும்ப முளைத்திருக்கின்றன. தும்பை, கீழாநெல்லி, மூக்கிரட்டை எல்லாம் வந்துவிட்டன. எவருடைய உத்தரவும் இல்லாமல், எந்தப் படிவமும் நிரப்பாமல் வந்திருக்கின்றன. இந்தப் பூங்காவில் யாரும் ஈடுசெய்ய வேண்டியிராத ஒரே சொத்து களைதான் என்பதைப் பணிவுடன் பதிவு செய்கிறேன்.

11. என் வழிகாட்டி முனைவர் அலர்மேல்மங்கை அவர்கள் சதுரங்களை நேரில் வந்து பார்த்தார். சுற்றிலும் களை தொடப்படாமல், நடுவில் மட்டும் ஒரே நாளில் சுத்தமாக எடுக்கப்பட்டிருப்பதைக் கண்டு, "இதை நாமளா பண்ணணும்னா பர்மிஷனுக்கே ஒரு வருஷம் ஆகும்டி. எது முதல்ல திரும்பி வருதுன்னு எழுது, அதான் டாபிக்" என்றார். அவரது கடிதம் இத்துடன் உள்ளது.

12. எனவே மெமோவை மே 30க்குள் திரும்பப் பெற்று, நேர்காணல் பட்டியலில் லட்சுமம்மாவின் பெயர் நிலைக்கச் செய்யுமாறு வேண்டுகிறேன். எனக்கு இரண்டு வாரம் அவகாசமும் வேண்டும். இரண்டில் ஒன்றுதான் தர இயலும் என்றால் முதலாவதைத் தரவும். ஃபைல் நிற்க யாராவது தவறு செய்திருந்தே ஆக வேண்டுமென்றால், கயிறு கட்டியபோது அது எதற்கு என்று அங்கே வேலை செய்பவர்களிடம் சொல்லாதது என் தவறு. படிவத்தில் முதல் காரணத்தில் குறியிடச் சம்மதிக்கிறேன்.

13. இம்மனுவை இன்று மதியம் லட்சுமம்மாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். மெமோ, நேர்காணல் குறித்த பகுதிகளில் அவர் திருத்தம் எதுவும் சொல்லவில்லை. பத்தாம் பத்தியில் மட்டும் நிறுத்தினார். "இருபத்தொம்போது திரும்பி வந்துச்சுன்னு எழுதினா, நான் வேரை வுட்டுட்டு மேலாக்கக் கிள்ளுனேன்னுல்ல நெனைப்பாங்க? அதெல்லாம் வெதையில வந்தது. தோண்டிப் பாத்துட்டு எழுது" என்றார். பத்துச் சதுரங்களிலும் தோண்டிப் பார்த்தேன். கோரை நீங்கலாக, பழைய வேர் ஒன்றுகூட இல்லை. கோரை யார் எடுத்தாலும் வரும் என்று அவரும், முனைவர் அலர்மேல்மங்கையும் தனித்தனியே சொன்னார்கள். நேர்காணல் குழு பார்க்கும்படி இந்தப் பத்தியை அவரது பணிக்கோப்பில் சேர்க்க உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
நா. சுப்ரியா

இடம்: பெங்களூர்
நாள்: 27.5.1998

பத்தி 13 சரி. மற்றதைப் பெரியவங்க பார்த்துச் செய்யட்டும்.
(ஒப்பம்) லட்சுமம்மா